மாமி "மணக்குது" என்று மீனைத் திருப்பிக் கொடுத்தது ஏன்?

உங்கள் கேள்வி இது: மதுரையிலிருந்து திருகோணமலைக் குடும்பத்துக்கு மருமகளாக வந்திருக்கிறீர்கள், நீங்கள் வாங்கி வந்த மீனை மாமி முகர்ந்து பார்த்து "மணக்குது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார், மணம் என்றால் நல்ல வாசனைதானே, பிறகு ஏன் திருப்பிக் கொடுத்தார் என்று குழம்புகிறீர்கள். மீன் பழசு, அவ்வளவுதான். மாமி உங்களைக் குத்திக்காட்டவில்லை.

எங்கள் வீட்டில், எங்கள் தெருவில் மூக்குக்கு எட்டுவது எல்லாமே மணம்தான். கறி நல்லா மணக்குது என்றால் பாராட்டு. பால் மணக்குது என்றால் திரைந்துவிட்டது, ஊற்றிவிடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்த சேலையும் மணக்கும். பச்சை மீனில் வருவதற்கு வெடுக்கு மணம் என்று தனிப் பெயரே உண்டு. முகர்ந்து பார் என்பதைக் கூட "மணந்து பார்" என்றுதான் சொல்வோம். நாறுது என்ற சொல்லும் இருக்கிறது, ஆனால் அது அழுகிப் போனதற்கும் சண்டைக்கும். உங்கள் மாமி அதைச் சொல்லாமல் விட்டதே உங்கள் மேல் உள்ள மரியாதையில்தான் என்று நினைக்கிறேன். இலங்கை முழுக்க இப்படியா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நான் வளர்ந்த இடத்தை வைத்தே சொல்கிறேன்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. 2013இல் அவருடைய கண் சத்திர சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போய், வேளச்சேரியில் ஒரு வீட்டின் மாடியில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்தோம். வந்த மூன்றாம் நாள் குழாயில் சாக்கடை மணத்தோடு தண்ணீர் வந்தது. அம்மா கீழே போய், "தங்கச்சி, பைப் தண்ணி மணக்குது, ஒருக்காப் பாருங்கோ" என்றார். வீட்டுக்காரம்மா சந்தோஷமாக, "அப்படியாம்மா, போன வாரம்தான் தொட்டி கழுவினோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாளும் அம்மா போய்ச் சொன்னார், மறுபடியும் அதே சிரிப்பு. மூன்றாம் முறைதான் அவர்களுடைய மகன், கல்லூரியில் படிக்கிற பையன், விஷயத்தைப் புரிந்துகொண்டு, "ஆன்ட்டி, நாறுதுன்னு சொல்லணும். மணக்குதுன்னா நல்ல வாசனை. உங்க ஊர்ல தமிழ் சரியாச் சொல்லித் தரமாட்டாங்களா?" என்று கேட்டான். அவன் கெட்ட பையன் இல்லை, அன்றைக்கே ஆள் பிடித்துத் தொட்டியைக் கழுவ வைத்தவனும் அவன்தான். ஆனால் என் அம்மா 31 வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஒன்றும் பேசாமல் படியேறி வந்துவிட்டார்.

இரவு நான்தான் பொறுக்க முடியாமல் கேட்டேன், ஏனம்மா அந்தப் பிள்ளைக்கு ஒரு குறளாவது சொல்லியிருக்கலாமே என்று. "வாடகைக்கு இருக்கிற வீட்டில பாடம் நடத்தேலாது பிள்ளை" என்றார். அடுத்த நாளிலிருந்து ஊருக்குத் திரும்பும் வரை அந்த வீட்டாரிடம் "ஸ்மெல் வருது" என்றே சொன்னார். இன்றைக்கும் எனக்கு ஆறாதது அந்த ஒரு சொல்தான்.

அம்மா சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். சரி என்று அவன் திருத்திய சொல் இருக்கிறதே, நாற்றம், அதுவும் ஒரு காலத்தில் பொதுச் சொல்தான். 27ஆம் குறளில் "சுவைஒளி ஊறுஓசை நாற்றம்" என்று ஐம்புலன்களுக்கும் உரியவற்றை வள்ளுவர் அடுக்குகிறார், அங்கே நாற்றம் என்றால் நல்லதும் கெட்டதும் சேர்ந்த வாசனை. 1274ஆம் குறளிலோ மொட்டுக்குள் அடங்கியிருக்கும் நறுமணமே நாற்றம். "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ" என்று ஆண்டாள் கேட்டது திருமாலின் வாய் மணத்தைப் பற்றி. பின்னால் வந்தவர்கள் அந்தச் சொல்லைக் கெட்டதற்கு மட்டும் ஒதுக்கினார்கள், மணத்தை நல்லதற்கு மட்டும் ஒதுக்கினார்கள். நாங்கள் மணத்தைப் பொதுவாகவே வைத்துக்கொண்டோம். மணம் என்றாலே நல்லது என்றால் நறுமணம் என்பதில் "நறு" எதற்கு? (திருமணம், மணவறை என்பதில் வரும் மணம் கூடுதல், சேர்தல் என்ற பொருளில், அதை இதோடு குழப்ப வேண்டாம்.) தமிழ்நாட்டு வழக்கைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்களுடையதையும் தப்பு என்று சொல்லாதீர்கள் என்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. கேள்வியில் "திரிகோணமலை" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தியச் செய்திகளிலும் இப்படிப் பார்த்துப் பார்த்து மனம் சலித்துவிட்டது. சம்பந்தர் பாடியது கோணமாமலை, அதற்கு முன்னால் வருவது "திரு". அந்தப் பதிகத்திலேயே மௌவல், மாதவி, புன்னை, செண்பகம், முல்லை என்று இந்த மலையைச் சூழ்ந்த பூக்களையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார். கோணேசர் கோவிலுக்குப் போகும்போது மாமியிடம் பாடிக் காட்டச் சொல்லுங்கள், தெரிந்திருக்கும்.

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள், நல்ல சிவப்பாக இருந்தால் வாங்கலாம். காலையில் கரைக்கு வந்த மீனாகப் பார்த்து வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரே மணந்து பார்த்துச் சொல்வார்.