கேள்வி உங்களோடது: எந்த டவுன்டவுன் பெரிய பட்டணம் மாதிரி இருக்கு?

கேள்வி: எனக்குப் பையன் ஹூஸ்டன்ல, பொண்ணு சிகாகோல. போன வருஷம் ரெண்டு பேர் வீட்லயும் மாத்தி மாத்தி இருந்துட்டு வந்தேன். ரெண்டு பேருமே டவுன்டவுன் கூட்டிட்டுப் போய்க் காட்டுனாங்க, ரெண்டு இடத்துலயும் கழுத்து வலிக்க அண்ணாந்து பாக்குற மாதிரி கட்டிடம்தான். ஆனா சிகாகோல ரயிலை விட்டு இறங்குனதுமே பெரிய பட்டணத்துக்கு வந்துட்டோம்னு மனசுல பட்டுச்சு. ஹூஸ்டன்ல ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் போனோம், பந்த் அன்னிக்கு மாதிரி தெருவே காலியா கெடந்துச்சு. நான் இதைச் சொன்னதுல பையனுக்கு வருத்தம், அமெரிக்காவுலயே நாலாவது பெரிய ஊரும்மா இதுங்கறான். நான் பாத்ததுதான் தப்பா?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: நீங்க பாத்தது தப்பே இல்லம்மா. உங்க பையன் சொன்னதும் உண்மைதான். 2020 கணக்கெடுப்புல சிகாகோவுல 27 லட்சத்துக்கு மேல, ஹூஸ்டன்ல 23 லட்சம், அதாவது மூணாவது ஊரும் நாலாவது ஊரும். ஆனா சிகாகோ அந்த ஜனத்தை சுமார் 230 சதுர மைலுக்குள்ள வச்சிருக்கு, ஹூஸ்டன் 600 சதுர மைலுக்கு மேல பரவிக் கெடக்கு, உங்களுக்குத் தெரிஞ்ச வித்தியாசம் பாதி இதுலயே வந்துடுது.

நான் ரெண்டு ஊர்லயும் சில வருஷம் வேலை பாத்திருக்கேன், ரெண்டு டவுன்டவுனுக்கும் தெனம் ஆபீஸ் போய் வந்திருக்கேன், அதனால இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது. சிகாகோல எங்கிட்டு இருந்து வந்தாலும் லூப்புக்குள்ள, அதாவது அந்த ஊர் டவுன்டவுனுக்குள்ள, வர்றது தெரிஞ்சுடும். தெருவுக்கு மேல இரும்புத் தூண் நட்டு ஒரு மாடி உயரத்துல ரயில் ஓடுது பாருங்க, அந்தப் பாதை 1897ல டவுன்டவுனைச் சுத்தி வளையமா சேந்துச்சு, இன்னிக்கும் அஞ்சு லைன் ரயில் அதுல சுத்துது. வாபாஷ் தெருவுல நின்னு பேசிட்டிருந்தா ரயில் போற வரைக்கும் பேச்சை நிறுத்தணும், போனதும் விட்ட எடத்துல இருந்து ஆரம்பிக்கணும். அந்த ஊர்க்காரங்க இதை ஒரு தொந்தரவா நெனைக்கிறதே இல்ல, பேச்சு பாட்டுக்கு நின்னு நின்னு போகும்.

ரயிலோட வேலை சத்தம் போடுறது மட்டும் இல்ல. ரயில்ல வர்றவங்க ஸ்டேஷன்ல இருந்து ஆபீஸுக்கு நடந்துதான் ஆகணும், அந்த அஞ்சு பத்து நிமிஷ நடைதான் தெருவை உண்டாக்குது. போற வழியில ஒரு காபி, திரும்பி வரும்போது மருந்துக்கடை, மழை வந்தா குடை வாங்க ஒரு கடை, செருப்பு அறுந்தா தைக்க ஒரு ஆளு, எல்லாம் அந்த நடையை நம்பித்தான் இருக்கு. கார்ல வர்றவரு பார்க்கிங் கட்டிடத்துல ஏத்தி நிறுத்திட்டு லிஃப்ட்ல ஏறி சீட்டுல போய் உக்காந்துடுவாரு, அவர் கால் தெருவுல படவே படாது.

இதை ஒரே பேர்ல ரெண்டு ஊர்லயும் இருக்குற ஒரு கட்டிடத்தை வச்சுச் சொல்லலாம். சிகாகோ யூனியன் ஸ்டேஷன் 1925ல திறந்தது, இன்னிக்கும் காலையில புறநகர் ரயில் வந்து வந்து கூட்டத்தைக் கொட்டிட்டே இருக்கும், அத்தனை பேரும் ஆத்துப் பாலத்தைத் தாண்டி லூப்புக்குள்ள நடந்து வர்றதைப் பாத்தா திருவிழாக் கூட்டம் கோயிலுக்குப் போற மாதிரியே இருக்கும். ஹூஸ்டன்லயும் யூனியன் ஸ்டேஷன் உண்டு, 1911ல கட்டினது, அழகான கட்டிடம், ஆனா இப்ப அது பேஸ்பால் மைதானத்தோட ஒரு பகுதி. வெளியூர் ரயில்னு இப்ப ஹூஸ்டனுக்கு இருக்குறது ஒண்ணே ஒண்ணு, அதுவும் வாரத்துல மூணு நாள்தான், வேற ஒரு சின்ன ஸ்டேஷன்ல நின்னு போகுது. இதை நெனைச்சா எனக்கு இன்னமும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

ஹூஸ்டன்ல அப்ப ஜனமெல்லாம் எங்க போச்சு? பாதிப் பேர் உங்க காலுக்குக் கீழதான் இருந்திருப்பாங்க, நீங்க ஞாயித்துக்கெழமைக்குப் பதிலா புதன்கிழமை போயிருந்தா. தெருவுக்கு அடியில சுமார் இருபது அடி ஆழத்துல ஆறு மைலுக்கு மேல சுரங்கப்பாதை ஓடுது, 1930கள்ல சில கட்டிடங்களை மட்டும் இணைக்க ஆரம்பிச்சது எண்ணெய்க் காசு வந்த காலத்துல ஒண்ணோட ஒண்ணு சேந்து இவ்ளோ பெருசாயிடுச்சு. சாப்பாட்டுக்கடை, முடிவெட்டுற கடை, பல் டாக்டர், தபால், எல்லாம் ஏசிக்குள்ள. ஆகஸ்ட் வெயில்ல ஹூஸ்டன் உங்க பாளையங்கோட்டை சித்திரை மாதிரியேதான், அதோட கடற்கரை ஈரமும் சேந்துக்கும், அதனால ஆபீஸ்காரங்க மத்தியானம் கீழ எறங்குனதை யாரும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா கடையெல்லாம் கீழ போனதும் மேல தெருவுல கண்ணாடிச் சுவரும் கார் உள்ள போற வழியும்தான் மிச்சம். ஆபீஸ் லீவு விட்டா சுரங்கமும் பூட்டிடும், சனி ஞாயிறு மேலயும் ஆள் இல்ல, கீழயும் ஆள் இல்ல.

சிகாகோலயும் குளிருக்குப் பயந்து பெட்வேன்னு தரைக்கு அடியில நடைவழி இருக்கேன்னு சிலர் கேப்பாங்க. இருக்கு. ஆனா அது துண்டு துண்டா இருக்குறது, கடைங்க பெரும்பாலும் மேலயே நின்னுடுச்சு, அதனால தெருவோட உயிரை அது உறிஞ்சல.

இன்னொரு காரணம் பூமி. சிகாகோ லூப்புக்குக் கெழக்கே ஏரி, வடக்கேயும் மேற்கேயும் ஆறு, தெக்க ஒரு காலத்துல முழுக்க ரயில்வே யார்டு. டவுன்டவுன் விரிஞ்சு போக எடமே இல்ல. 1871 தீயில ஊரோட நடுப்பகுதி எரிஞ்சு சாம்பலாச்சு, மறுபடி கட்டும்போது எடத்துக்கு இருந்த கிராக்கியில மேல மேல போனாங்க, 1885ல வந்த ஹோம் இன்சூரன்ஸ் பில்டிங் பத்து மாடி, உலகத்தோட மொத ஸ்கைஸ்கிரேப்பர்னு பலரும் அதைத்தான் சொல்றாங்க. ஹூஸ்டனுக்கு நாலு பக்கமும் சமவெளி, தடுக்க மலையும் இல்ல ஏரியும் இல்ல, போதாக்குறைக்கு எந்த எடத்துல எதைக் கட்டலாம்னு பிரிக்கிற ஜோனிங் சட்டமும் அங்க கெடையாது. அதனால ஊரு ஒரே எடத்துல குவியாம சிதறிடுச்சு. கேலரியாங்கற பெரிய மால் பக்கம் 64 மாடி வில்லியம்ஸ் டவர் தனியா நிக்குது, டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் தனி ஊரு, எண்ணெய்க் கம்பெனிங்க மேற்கால எனர்ஜி காரிடார்ல. உங்களுக்கு இது புதுசு இல்லம்மா, திருநெல்வேலியில டவுன், ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை, பாளைன்னு ஆளுக்கொரு மையமா இருக்குல்ல, அதை அம்பது மடங்கு இழுத்து நடுவுல ஃப்ரீவே போட்ட மாதிரி நெனைச்சுக்கோங்க. உங்க பையன் சொல்ற நாலாவது பெரிய ஊரு உண்மையிலேயே இருக்கு, அது டவுன்டவுன்ல மட்டும் இல்ல, அவ்ளோதான்.

கேள்வி: அப்ப கட்டிடத்தோட உயரத்துக்கு மதிப்பே இல்லையா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இருக்குங்க, ஆனா தூரத்துல இருந்து பாக்குறதுக்குத்தான். ஹூஸ்டனோட வானக்கோடு ஃப்ரீவேயில இருந்து சாயங்கால வெளிச்சத்துல பாத்தா அவ்ளோ அழகு, 1982ல கட்டின 75 மாடி சேஸ் டவர் தெளிவாத் தெரியும். பக்கத்துல போய் நின்னா கண்ணுக்குத் தெரியுறது தரைமாடி மட்டும்தான், மேல 75 மாடி இருந்தாலும் சரி 15 மாடி இருந்தாலும் சரி நடக்குறவனுக்கு ஒண்ணுதான். சிகாகோ வில்லிஸ் டவர் 110 மாடி, 442 மீட்டர், டாக்காவுல பொறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான்ங்கற எஞ்சினியர் பல குழாய்களை ஒண்ணாக் கட்டின மாதிரி ஒரு முறையில நிக்க வச்ச அதிசயம், நம்ம பக்கத்து மனுஷன்னு எனக்கு அதுல ரொம்பப் பெருமை. ஆனா அந்தக் கட்டிடத்தோட அடிவாசல் இருக்குற தெருவை விட, பழைய மார்ஷல் ஃபீல்ட் கடையோட கடிகாரத்துக்குக் கீழ நிக்குறப்பதான் பெரிய ஊர்ல நிக்கிற உணர்வு வரும். அந்தக் கடிகாரத்தடியில யாராவது யாருக்காகவாவது காத்துட்டே இருப்பாங்க.

கேள்வி: எங்க பாண்டி பஜார்ல நடைபாதையை அகலமாக்கி நல்லாப் பண்ணிட்டாங்க. அந்த மாதிரி அகலமா நடைபாதை போட்டா எந்த ஊரா இருந்தாலும் கூட்டம் வந்துடும்தானே?
(வாசகர், தியாகராய நகர்)

பதில்: வராதுங்க. சிகாகோவே இதுல அடிபட்ட ஊரு. 1979ல ஸ்டேட் ஸ்ட்ரீட்ல கார் வரக் கூடாதுன்னு எடுத்துட்டு, பஸ்ஸுக்கு மட்டும் வழி விட்டு நடைபாதையைப் பெருசா விரிச்சாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா அதே நேரம் கடைக்காரங்களும் ஜனங்களும் புறநகர் மாலுக்குப் போயிட்டிருந்தாங்க, இருக்குற கொஞ்சம் பேரும் அந்த அகலத்துல அங்கொண்ணு இங்கொண்ணா தெரிஞ்சாங்க, தெரு முன்னைவிட வெறிச்சோடிப் போச்சு. 1996ல திரும்ப நடைபாதையைக் குறுக்கி காரை உள்ள விட்டாங்க. பாண்டி பஜார்ல 2019ல அகலமாக்கினது நல்லா ஓடுதுன்னா, அங்க துணிக்கடையும் நகைக்கடையும் தேடி வர்ற ஜனம் ஏற்கனவே தோளோடு தோள் இடிச்சுட்டு இருந்துச்சு, அவங்களுக்கு மூச்சு விட எடம் கெடச்சுது. ஜனமே இல்லாத எடத்துல அகலம் மட்டும் போட்டா வெறுமைதான் பெருசாத் தெரியும்.

இந்த எடத்துல ஹூஸ்டனுக்காக ஒண்ணு சொல்லணும், அங்க தெரு அமைப்புல கோளாறு இல்ல. டவுன்டவுன் பிளாக் ஒவ்வொண்ணும் சதுரமா 250 அடிதான், சிகாகோ லூப் பிளாக்கை விடச் சின்னது, நடக்கத் தோதானது. அந்தச் சின்னச் சின்ன பிளாக்குல எத்தனையோ கட்டிடத்தை இடிச்சு கார் நிறுத்துற எடமா ஆக்கினதுதான் வினை.

கேள்வி: சிகாகோ போனா விவேகானந்தர் பேசின எடத்தைப் பாக்கலாமா?
(வாசகி, ராமநாதபுரம்)

பதில்: தாராளமா. மிச்சிகன் அவென்யூல இருக்குற ஆர்ட் இன்ஸ்டிட்யூட் மியூசியம்தான் அது, லூப்ல இருந்து ரெண்டு நிமிஷ நடை. 1893 செப்டம்பர் 11ல அவர் பேசின அந்த ஹால் இப்ப இல்ல, தற்காலிகமாப் போட்டது, கட்டிடம் அதேதான். வாசல்ல ரெண்டு வெண்கல சிங்கம் நிக்கும், அது மறு வருஷம் வந்தது, அவர் பேசின அன்னிக்கு அங்க இல்ல. முன்னாடி போற ரோட்டுக்கு அவர் பேர்ல பலகை இருக்கு. உங்க ஊரு பாஸ்கர சேதுபதி மகாராஜாவோட ஊக்கம் அந்தப் பயணத்துக்குப் பின்னால உண்டு, அதனால நீங்க கண்டிப்பா போங்க.

கேள்வி: நான் ஹூஸ்டன்லயே பதினாலு வருஷமா இருக்கேன். எல்லாரும் எங்க டவுன்டவுனைச் செத்த ஊருன்னு சொல்றாங்க, கேக்க வேதனையா இருக்கு. எங்களுக்கு விமோசனமே இல்லையா?
(வாசகர், சுகர்லேண்ட்)

பதில்: செத்த ஊருன்னு நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் பார்க்கிங் எடமா கெடந்த 12 ஏக்கரை டிஸ்கவரி கிரீன் பூங்காவா ஆக்கி 2008ல திறந்தாங்க, சனிக்கிழமை சாயங்காலம் அங்க புள்ளைங்க தண்ணியில ஆடுறதையும் பாட்டிங்க புல்லுல துணி விரிச்சு உக்காந்துட்டு இருக்குறதையும் பாத்தவங்க அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டாங்க. 2004 ஜனவரி 1ல இருந்து மெயின் ஸ்ட்ரீட்ல தரையிலயே ரயில் ஓடுது, அந்த வழியில மறுபடி கடை முளைக்க ஆரம்பிச்சுது. நாடகம், ஆபரா, சிம்பனி, பாலே நாலுக்கும் சொந்தக் குழு வச்சிருக்குற ஊரு இது, அரங்கங்கள் எல்லாம் நடந்து போற தூரத்துல. இன்னும் வேணுங்கறது தெனமும் அங்கயே பொழங்குற ஜனம். சிகாகோ லூப்புக்குள்ள நாலஞ்சு காலேஜ் இருக்கு, ராத்திரி எட்டு மணிக்கும் பையும் புத்தகமுமா பசங்க நடப்பாங்க. ஹூஸ்டன்லயும் டவுன்டவுன் யுனிவர்சிட்டி இருக்கு, ஆனா வடக்கு ஓரத்துல பயூவை, அதாவது மெதுவா ஓடுற அந்த ஊர் ஆத்தை, ஒட்டி ஒதுங்கி நிக்குது.

சிகாகோவும் இப்ப நிம்மதியா இல்லைங்க. 2020க்கு அப்புறம் ஆபீஸ் கூட்டம் கொறஞ்சு ஸ்டேட் ஸ்ட்ரீட்ல பூட்டின கடை நெறைய ஆச்சு, லசால் தெருவுல ஆபீஸ் கட்டிடங்களை வீடா மாத்துற வேலை நடக்குது. ஆபீஸை மட்டும் நம்பி இருந்த தெருவுக்கு என்ன ஆகும்னு ஹூஸ்டனுக்கு முன்னாடியே தெரியும், சிகாகோ இப்பதான் தெரிஞ்சுக்குது.

பாளையங்கோட்டை அம்மா இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஹூஸ்டன் போகும்போது பையன்கிட்ட சொல்லி காரை மெடிக்கல் சென்டருக்கு அந்தப் பக்கமே விட்டுட்டு ரெட் லைன் ரயில்ல வாங்க, சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும். மொதல்ல ஆலன்ஸ் லேண்டிங் போங்க, 1836ல ரெண்டு அண்ணன் தம்பிங்க பயூ கரையில ஊரை ஆரம்பிச்ச எடம் அது. அங்க இருந்து டிஸ்கவரி கிரீன் வரைக்கும் மெதுவா நடந்து பாருங்க, வழியில எத்தனை கடை திறந்திருந்துச்சுன்னு எண்ணி எனக்கு எழுதுங்க.