கூப்பனின் உண்மையான மதிப்பு என்ன? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மளிகைப் பொருள்களுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் கிடைக்கும் கூப்பன்கள், தள்ளுபடிகள் குறித்து நீலகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கோத்தகிரி வாசகி: அம்மா, எங்களுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் உண்டு. பச்சைத் தேயிலைக்குரிய பணம் மாதம் ஒரு முறைதான் கைக்கு வரும். மேட்டுப்பாளையத்தில் ஒரு பெரிய கடையில், 1,500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 150 ரூபாய் குறைக்கும் கூப்பன் கொடுத்திருக்கிறார்கள். மலை இறங்கிப் போய் வாங்குவது லாபமா? என் கணவர் வேண்டாம் என்கிறார்.

பதில்: கூப்பனில் அச்சிட்டிருக்கும் தொகையைக் கடைக்காரர் தம்முடைய விலையிலிருந்து கழிப்பார். நீங்களோ கோத்தகிரியில் வழக்கமாக வாங்கும் கடையில் கொடுக்கும் விலையோடு அதை ஒப்பிட வேண்டும். மாதக் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு, உறையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்குக் கீழேயே பல பொருள்களைக் கொடுக்கும் மளிகைக் கடைகள் நம் ஊர்களில் இருக்கின்றன. அப்படி ஏற்கெனவே குறைந்திருக்கும் விலைக்கும், கூப்பன் போக வரும் விலைக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே உங்கள் சேமிப்பு. இதை அறிய, வீட்டில் மாதந்தோறும் தவறாமல் வாங்கும் பொருள்களின் பெயர், எடை, கடைசியாகக் கொடுத்த விலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அந்தப் பட்டியலை எழுதும்போது ரேஷன் கடையில் கிடைப்பதை முதலில் அடித்துவிடுங்கள். குடும்ப அட்டைக்கு இலவசமாகக் கிடைக்கும் அரிசி, கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு, லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில், கிலோ 25 ரூபாய்க்குச் சர்க்கரை என்ற விலைகளை எந்தத் தனியார் கடையின் கூப்பனும் எட்ட முடியாது. மிச்சம் இருப்பதற்கே கூப்பனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இனி உங்கள் 1,500 ரூபாய்க்கு வருவோம். உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் சாமான்களின் தொகை 1,180 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூப்பன் செல்லுபடியாக 320 ரூபாய்க்குக் கூடுதலாக ஏதேனும் எடுக்க வேண்டும். அப்போது நீங்கள் கட்டும் தொகை 1,350 ரூபாய், அதாவது நினைத்ததைவிட 170 ரூபாய் அதிகம். அந்த 320 ரூபாய்க்கு நீங்கள் எடுத்தது அடுத்த மாதம் எப்படியும் வாங்கப்போகும் சோப்பும் பற்பசையும் என்றால் 150 ரூபாய் மிச்சமானது உண்மை. பில் போடும் இடத்துக்கு அருகே அடுக்கிவைத்திருந்த தின்பண்டம் என்றால், கூப்பன் உங்களை 170 ரூபாய் கூடுதலாகச் செலவழிக்க வைத்திருக்கிறது. இதன் மேல் இரு வழிப் பேருந்துக் கட்டணமும், கொழுந்து பறிக்கும் நாளில் போனால் ஒரு நாள் வேலையும் இருக்கின்றன. ஆகவே கூப்பனுக்காகவே மலை இறங்க வேண்டாம் என்பதில் உங்கள் கணவர் சொல்வது சரி. ஆனால் மண்டிக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் நாளிலோ, மருத்துவமனைக்குப் போகும் நாளிலோ பட்டியலோடு சென்று வாங்கி வருவதை அவரும் மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

கூப்பனின் பின்புறத்தில் உள்ள சிறிய எழுத்தையும் படியுங்கள். எந்தத் தேதிவரை செல்லும், இந்தப் பில்லுக்கா அடுத்த பில்லுக்கா, எண்ணெயும் அரிசியும் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்பவை அங்கேதான் இருக்கும். கைக்குழந்தைக்கான பால் மாவுக்குத் தள்ளுபடிக் கூப்பனை எதிர்பார்க்காதீர்கள். தாய்ப்பாலுக்கு மாற்றாக அதை வாங்கத் தூண்டும் சலுகைகளையும் பரிசுகளையும் 1992-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. அது நல்ல சட்டம்.

கூடலூர் வாசகர்: அமெரிக்காவில் இருக்கும் என் மகள், செய்தித்தாளில் வரும் கூப்பன்களை வெட்டிச் சேர்த்து, வண்டி நிறையச் சாமான்களை மிகக் குறைந்த தொகைக்கு வாங்கி வருவதாகச் சொல்கிறாள். நம் ஊரில் அப்படி ஏன் முடிவதில்லை?

பதில்: அங்கே கூப்பனை வெளியிடுவது பெரும்பாலும் பொருளைத் தயாரிக்கும் நிறுவனம். கடைக்காரர் அதைப் பணம் போலவே வாங்கிக்கொண்டு, பின்னர் கூப்பன்களை எண்ணிக் கணக்குத் தீர்த்துக் கொடுக்கும் தீர்வகத்துக்கு அனுப்பி, அச்சிட்ட தொகையையும் கையாளும் செலவுக்கென ஒரு சிறு தொகையையும் நிறுவனத்திடமிருந்து பெற்றுக்கொள்கிறார். இதனால் கடை தரும் தள்ளுபடியும் நிறுவனம் தரும் தள்ளுபடியும் ஒரே பொருளின் மேல் சேர்ந்து விழ இடம் உண்டு. உங்கள் மகள் செய்வது அதுவாகத்தான் இருக்க வேண்டும். 1880-களின் இறுதியில் அட்லாண்டாவில், கோகோ-கோலா ஒரு குவளை இலவசம் என்று கொடுத்த சீட்டிலிருந்து வளர்ந்த நெடிய பழக்கம் அது.

நம் நாட்டில் ஒவ்வொரு உறையிலும், எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்பது சட்டம். நிறுவனம் விலையைக் குறைத்துக் காட்ட விரும்பினால், தனிச் சீட்டு அச்சடித்து லட்சக்கணக்கான சிறு கடைகளிடமிருந்து அதைத் திரும்பப் பெறுவதைவிட, உறையிலேயே "10 ரூபாய் தள்ளுபடி" என்றோ "20 சதவீதம் கூடுதல்" என்றோ அச்சிடுவது எளிது. வெட்டி எடுக்க வேண்டிய தேவையில்லாத கூப்பனாகவே அதைக் கருதுங்கள். சீட்டு முறை நமக்கு முற்றிலும் புதியதும் அன்று. கடலூரில் தொடங்கிய சிக் ஷாம்பு, காலி உறைகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு புதிய உறை இலவசம் என்ற திட்டத்தால்தான் சிற்றூர்களில் வேரூன்றியது. முதலில் எந்த நிறுவனத்தின் காலி உறையையும் ஏற்றுக்கொண்டவர்கள், பின்னர் தங்கள் உறையை மட்டுமே ஏற்றார்கள். வாடிக்கையாளரைப் பிடித்துவைப்பதுதான் எந்தக் கூப்பனுக்கும் நோக்கம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அரவங்காடு வாசகி: பெரிய பாக்கெட்டுக்கு மட்டும் 10 ரூபாய் கூப்பன் தருகிறார்கள். பெரியதை வாங்கினால் எப்போதும் மலிவுதானே?

பதில்: எப்போதும் அன்று. ஒரு சலவைத் தூள் 200 கிராம் 58 ரூபாய்க்கும், அதே தூள் 500 கிராம் 150 ரூபாய்க்கும் இருப்பதாகக் கொள்வோம். சிறியதில் ஒரு கிராம் 29 காசு; பெரியதில் 30 காசு. கூப்பனைக் கழித்தால் பெரியது 140 ரூபாய், அதாவது கிராமுக்கு 28 காசு. சிறிய பாக்கெட்டின் கணக்கில் 500 கிராமுக்கு 145 ரூபாய் ஆகியிருக்கும். ஆகவே 10 ரூபாய்க் கூப்பன் உங்களுக்கு மிச்சப்படுத்துவது 5 ரூபாய்தான். ஷாம்பு போன்றவற்றில் பாட்டிலைவிடச் சிறு உறையே மில்லிலிட்டர் கணக்கில் மலிவாக இருப்பதும் உண்டு.

இந்த வகுத்தல் கணக்கைக் கடையில் நின்று போட வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளில் 2021-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, ஒரு கிலோவுக்குக் குறைவான பொட்டலத்தில் கிராமுக்கு என்ன விலை, அதற்கு மேற்பட்டதில் கிலோவுக்கு என்ன விலை என்பதை அச்சிட வேண்டும்; எண்ணெய் போன்றவற்றுக்கு மில்லிலிட்டர், லிட்டர் கணக்கு. அதிகபட்ச விலைக்கு அருகிலேயே பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த எண்ணை முதலில் பார்க்கப் பழகிக்கொண்டால், உறையின் முகப்பில் உள்ள பெரிய எழுத்துகள் உங்களை எளிதில் அசைக்க மாட்டா. விலை மாறாமல் எடை மட்டும் குறைந்திருந்தாலும் அதே எண் காட்டிக்கொடுத்துவிடும். என்னைக் கேட்டால், கூப்பன்களைச் சேர்ப்பதைவிட இந்த ஒரு பழக்கம் குடும்பத்துக்கு அதிகம் பயன் தரும்.

பந்தலூர் வாசகி: மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபட்டால் எங்களுக்குச் சாமான் வருவதே கடினம். கூப்பன் கிடைக்கும்போது மூன்று மாதத்துக்கும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் ஊரில் இருப்பு வைப்பது நியாயமானதே, ஆனால் சமவெளியில் உள்ளவர்கள் வைப்பதை எல்லாம் நாம் வைக்க முடியாது. இங்கே குளிரில் அரிசி வண்டு பெருகுவது குறைவு. ஈரமும் பூஞ்சையுமே நமக்குப் பகை. ஜூன் முதல் செப்டம்பர் வரை உங்கள் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும். குன்னூர், கோத்தகிரி பக்கத்தில் அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவமழை கனக்கும். அந்த மாதங்களில் உப்பும் சர்க்கரையும் நீர்த்துப்போகும், சலவைத் தூள் கட்டிதட்டும், அப்பளம் நமுத்துப்போகும், அரைத்த மிளகாய்த்தூளிலும் மல்லித்தூளிலும் பூஞ்சை பிடிக்கும். பாதியைத் தூக்கி எறிய நேர்ந்தால் கூப்பனில் மிச்சமானதைப் போல் பல மடங்கு போய்விடும்.

சோப்பு, பற்பசை, பாத்திரம் துலக்கும் கட்டி, தீப்பெட்டி, மெழுகுவத்தி, உறை பிரிக்காத எண்ணெய் ஆகியவற்றை மழைக்கு முன்பே கூப்பனில் வாங்கி வையுங்கள். பருப்பு வகைகளை வெயில் அடிக்கும் ஏப்ரல், மே மாதங்களில் வாங்கி, நன்றாகக் காயவைத்து, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாக்களில் போட்டு வைக்கலாம். மசாலாப் பொடிகளைப் பொறுத்தவரை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சிறிய பாக்கெட்டே நமக்கு ஏற்றது. தேங்காய் எண்ணெய் உறைவது கெட்டுப்போனதன் அறிகுறி அன்று. 24 டிகிரிக்குக் கீழே அது இயல்பாகவே உறையும். பெரிய தள்ளுபடி என்றால் உறையின் மேல் உள்ள காலாவதித் தேதியையும் பாருங்கள், ஏனென்றால் தேதி நெருங்கிய சரக்கை விற்றுத் தீர்க்கவும் கூப்பன் கொடுப்பதுண்டு.

உதகை வாசகர்: 20 சதவீதக் கூப்பனைக் கொடுத்தபின், குறைத்த விலைக்கு மேல் ஜிஎஸ்டி என்று தனியாகச் சேர்த்துப் பில் போட்டார்கள். இது சரியா?

பதில்: சரியன்று. அச்சிட்ட விலையிலேயே வரி அடங்கியிருக்கும்போது, அதிலிருந்து இவ்வளவு தள்ளுபடி என்று அறிவித்துவிட்டு, குறைத்த விலைக்கு மேல் வரியைத் தனியாக வாங்குவது முறையற்ற வணிகம் என்பதைத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-இல் ஒரு வழக்கில் உறுதி செய்திருக்கிறது. பில்லை வைத்துக்கொண்டு முதலில் கடை மேலாளரிடம் கேளுங்கள். பலன் இல்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். மலைக்கு ஏற்றிவரும் கூலி என்று சொல்லி, அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினாலும் புகார் செய்யலாம்.

வரியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய் ஆகியவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முந்தைய விலையை நோட்டில் வைத்து ஒப்பிட்டால், வரி குறைந்ததையே தள்ளுபடி என்று நினைத்துவிடுவோம்.

வெலிங்டன் வாசகி: என் மாமனார் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கேன்டீன் அட்டையில் பக்கத்து வீட்டாருக்கும் சாமான் வாங்கித் தரலாமா?

பதில்: வேண்டாம். ராணுவக் கேன்டீனுக்குச் செல்லும் பொருள்களுக்கு ஜிஎஸ்டியில் பாதி திருப்பித் தரப்படுவது அங்கே விலை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம். நாட்டுக்காக உழைத்தவரின் குடும்பத்துக்கென்றே அரசு அளிக்கும் சலுகை அது. பிறருக்கு வாங்கித் தருவதும் விற்பதும் விதிக்குப் புறம்பானவை. பழகிய அக்கம்பக்கத்தாரிடம் மறுப்பது சங்கடம்தான். அட்டையையே இழக்க நேரிடும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

மஞ்சூர் வாசகர்: ஒரு பெரிய கடையின் பெயரில் தபாலில் சுரண்டல் அட்டை வந்தது. சுரண்டிப் பார்த்தால் 5,000 ரூபாய் மளிகைக் கூப்பன் என்று இருக்கிறது. பெறுவதற்கு முன் 499 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். என் மனைவிக்கு வாட்ஸ்அப்பிலும் இதே போன்ற இணைப்பு வந்திருக்கிறது. நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம், ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். பரிசுக்கு முன்பணம் கேட்பது, இன்றே முடிகிறது என்று அவசரப்படுத்துவது, பத்துப் பேருக்கு இதை அனுப்பினால்தான் கூப்பன் திறக்கும் என்று சொல்வது ஆகிய மூன்றில் எது இருந்தாலும் அது மோசடி என்று கொள்ளுங்கள். உண்மையான கூப்பனில் எந்தக் கிளையில், எந்தத் தேதிவரை, எந்தப் பொருளுக்கு என்பவை இருக்கும். சந்தேகம் இருந்தால் அட்டையில் உள்ள எண்ணை அழைக்காமல், கடைக்கே நேரில் சென்று கேட்டுக்கொள்ளலாம். நமக்கு வர வேண்டிய பணத்தைப் பெறுவதற்கு யூபிஐ ரகசிய எண்ணை இட வேண்டிய தேவை ஒருபோதும் இல்லை என்பதை உங்கள் மனைவியிடமும், கைப்பேசி வைத்திருக்கும் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

எவரேனும் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டிருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக் கடத்தாமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். விரைவில் தகவல் கொடுத்தால், பணம் கைமாறுவதற்குள் வங்கிக் கணக்கிலேயே அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. உங்களுக்கு வந்த அட்டையையும் தபால் உறையையும் கிழித்துப் போட்டுவிடாமல் வைத்திருந்து, மஞ்சூர் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். அதே அட்டை உங்கள் ஊரில் வேறு வீடுகளுக்கும் வந்திருக்கக்கூடும்.