ஃப்ரீலான்ஸ் வருமானம்: வரிக்கு மாதம் எவ்வளவு ஒதுக்குவது?

வெளிநாட்டு நிறுவனத்துக்கு மென்பொருள் வேலை, மாதம் இரண்டரை லட்சம் வரவு, டிடிஎஸ் பிடித்தம் கிடையாது, வரிக்கு 30 சதவீதம் ஒதுக்கினால் குடும்பம் ஓடாது என்கிறீர்கள். அவ்வளவு வேண்டவே வேண்டாம்.

2025-26 நிதியாண்டுக் கணக்கு இது. வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் (செலவுக் கணக்கு காட்டாமல், வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் வழி) போனால் ஆண்டு வரவு 30 லட்சத்தில் பாதி, அதாவது 15 லட்சம்தான் வருமானம். புதிய வரி முறையில் வரி 1,05,000. வரியின் மேல் 4 சதவீத செஸ் (கூடுதல் வரி) சேர்த்தால் 1,09,200. மாதம் 9,100 ரூபாய். வங்கி வட்டி போன்ற வேறு வருமானத்துக்கும் சேர்த்து 10,000 ஆக வைத்துக்கொள்ளுங்கள். பணம் வந்த அன்றே ஏடிஎம் கார்டு இல்லாத தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்; மாதக் கடைசியில் மிஞ்சுவதை ஒதுக்கலாம் என்றால் எதுவும் மிஞ்சாது.

44ஏடிஏ-வில், மற்றவர்களைப் போல முன்கூட்டிய வரியை (ஆண்டு முடியும் முன்பே கட்டும் வருமான வரி) நான்கு தவணையாகக் கட்ட வேண்டியதில்லை. மொத்த முன்கூட்டிய வரியையும் மார்ச் 15-க்குள் கட்ட வேண்டும். வருமான வரி இணையதளத்தில் கட்டும்போது மதிப்பீட்டு ஆண்டு 2026-27, வகை 'அட்வான்ஸ் டேக்ஸ் (100)'. பலர் தவறுதலாக 300-ஐ (ஆண்டு முடிந்தபின் கட்டும் சுயமதிப்பீட்டு வரி) தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் அலைகிறார்கள். கட்டாமல் ஜூலையில் ரிட்டர்னோடு கட்டினால் வட்டியாக மட்டும் சுமார் 5,460 ரூபாய் போகும்.

நீங்கள் கேட்காத ஒன்று: ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டுவதால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சேவை ஏற்றுமதி என்பதால் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தைத் தாக்கல் செய்துவிட்டால் ஜிஎஸ்டி கட்டாமலே பில் போடலாம். அதை முதலில் முடியுங்கள்.