செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன்

கேள்வி: வாழைத் தோப்புக்கு ஒரு பழைய மினி டிராக்டர் வைத்திருக்கிறேன். சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹெட்லைட்டும் மங்கிவிடுகிறது. பேட்டரி புதுசு. நாலு பேர் தள்ளினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- ஒரு வாசகர், திருவையாறு

பதில்: கொஞ்சம் பொறுங்கள் ஐயா. ‘டக்’ சத்தம் வருகிறதென்றால் சாவி, கிளட்ச் சுவிட்ச் எல்லாம் வேலை செய்கின்றன. அவற்றை விட்டுவிடுங்கள். லைட் மங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது.

கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜின் பிடித்துவிடாமல் ஸ்டாப் லீவரை இழுத்து வையுங்கள். மல்டிமீட்டரைப் பேட்டரியின் ஈய முனைகளிலேயே வைக்க வேண்டும், கிளாம்ப் மேல் அல்ல. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். இப்போது பையனைச் சாவி திருகச் சொல்லுங்கள். லைட் மங்கியும் மீட்டர் 12-ஐ விட்டு இறங்கவில்லையா? பேட்டரியில் தெம்பு இருக்கிறது, வழியில்தான் அடைப்பு.

அடுத்து, ஒரு முனையை மைனஸிலும் மற்றதை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்து மறுபடி திருகச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த், அதாவது மைனஸை வண்டியின் இரும்போடு சேர்க்கும் ஒயர், சரியில்லை. என் வண்டியில் 4 வோல்ட் காட்டியது! மன்னார்குடியில் இத்தனை வருஷம் பட்டறை வைத்திருந்தவன், அதற்கு முன்பே மோட்டாரைப் பிரித்து கார்பன் பிரஷ் மாற்றியிருந்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். குறுவைக்குக் கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு ஓட்டிய வண்டி. எர்த் போல்ட்டில் சேறு காய்ந்து அப்பியிருந்தது, சுரண்டினால் அடியில் பெயின்ட், அதற்கும் அடியில் துரு. ஒயரை வளைத்தால் நறநறவென்றது, தோலுக்குள் செம்பு பச்சைப் பொடியாகிக் கிடந்தது. புது ஒயர் போட்டு, உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து முடுக்கினேன். மேலே வாசலின். ஒரே திருகில் பிடித்தது.

எர்த் சுத்தமாக இருந்தால், பிளஸ் முனைக்கும் சோலினாய்டின் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) பேட்டரி ஒயர் வரும் பெரிய போல்ட்டுக்கும் இடையே இதே மாதிரி பாருங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது கடைசியில். சோலினாய்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடும் வித்தை மட்டும் வேண்டாம். கியரில் இருந்தால் வண்டி ஆள்மேலேயே ஏறிவிடும்.

ஆமாம், முதல் சோதனையிலேயே மீட்டர் 10-க்குக் கீழே போனால்? பேட்டரியைக் கடையில் லோடு போட்டுப் பாருங்கள், புதுசானாலும் சரி. அது தேறினால் மோட்டாரைக் கழற்றலாம். அப்போதும் புஷ், பிரஷ் மாதிரி உள்ளே தேயும் பாகங்களைப் பார்க்கச் சொல்லுங்கள், முழு மோட்டாருக்குப் பணம் எடுக்காதீர்கள்.