விரதமும் மோட்டாரும் – கடிதம்

வணக்கம் ஐயா,

எனக்கு 64 வயது. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இன்னமும் கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள்தான் ஓட்டுகிறேன். இனிப்புநீருக்கு (சர்க்கரை வியாதி) மாத்திரை எடுக்கிறேன். போன தைப்பூசத்துக்கு விரதத்தோடு விடியற்காலையில் ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகும்போது கை நடுங்கி, வேர்த்துக்கொட்டி, மோட்டாரை ஓரங்கட்டிவிட்டேன். கோலாலம்பூரில் இருக்கும் பிள்ளைகள் மோட்டாரை விற்கச் சொல்கிறார்கள். எந்த வயதில் மோட்டாரை விட வேண்டும்?

பெயர் வேண்டாம் என்ற வாசகர்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

ஓரங்கட்டினீர்களே, அதுவே பெரிய விஷயம். இன்னும் கொஞ்சதூரம்தானே என்று ஓட்டிக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம்.

அன்று உங்களை நிறுத்தியது வயதென்று எனக்குத் தோன்றவில்லை. வெறும் வயிற்றில் போட்ட மாத்திரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நான் டாக்டர் இல்லை. ஆனால் எனக்கும் இதே வியாதி, அதனால் கேட்டுத் தெரிந்துகொண்டது. மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அப்படித் திடீரென இறங்குவது அபூர்வம். கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இறங்கும். உங்கள் மாத்திரை அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். விடியற்காலையில் நாம் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு போகிற குளிரில் வேர்க்கிறதென்றால், அது சாதாரண வேர்வை இல்லை.

ரத்தத்தில் சர்க்கரை, லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் 4-க்குக் கீழே போனால் ஆபத்து. உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். நடுக்கம் நின்றதும் சாவியைத் திருப்பிவிடுவார்கள். சர்க்கரை ஏறினாலும் மூளை தெளிய நேரம் பிடிக்கும். முக்கால் மணி நேரமாவது உட்கார வேண்டும். ஒரு ரொட்டியும் சாப்பிட்டுக்கொள்ளலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் மாத்திரை அளவைப் பற்றிக் கேளுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள். விரத நாளில் ஓட்டுவதே வேண்டாம், வேனில் ஒரு இடம் சொல்லிவையுங்கள்.

சரி, பிள்ளைகள் விஷயம். பாதி நியாயம் அவர்கள் பக்கம். ஆனால் தோட்டத்திலிருந்து பஸ் பார்த்துக் கிளினிக் போகிற கஷ்டம் கோலாலம்பூரில் இருந்து தெரியாது. மோட்டாரை விற்றுவிட்டால் மருந்து வாங்கப் போவதே தள்ளிப்போகும்.

விட வேண்டியது முதலில் இரவு ஓட்டம். அறுபதைத் தாண்டிய கண்ணுக்குள் போகிற வெளிச்சம், இருபது வயதுக் கண்ணோடு பார்த்தால் மூன்றில் ஒரு பங்குதான். புரை விழுந்திருந்தால் எதிரே வரும் லாரி விளக்கு பூவாக விரியும். சாலையில் சிதறிக் கிடக்கும் செம்பனைப் பழம் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் வரும் வண்டியைப் பார்க்கக் கழுத்து திரும்புகிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நான் அதிகம் பயப்படுவது பாதத்துக்குத்தான். நம் ஆட்கள் சிலிப்பரோடு ஓட்டுவார்கள். இனிப்புநீரால் நரம்பு மரத்துப்போன வலது கால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறது என்றே தெரியாது. எக்ஸாஸ்ட் சுட்டாலும் உறைக்காது. இரவு கால் கழுவும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும், அது ஆறாத புண்ணாகவும் ஆகலாம். கிளினிக்கில் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதில் உணர்ச்சி இல்லை என்று வந்தால், நானும் உங்கள் பிள்ளைகள் கட்சி.