பல்கலைக்கழகத்தில் பணமில்லை என்கிறார்கள், மகளுக்கு உதவித்தொகை வருமா?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள். நான் விசைத்தறித் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. அவளைத் திருத்தணி அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்க்கலாமா, இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சம்பளம் போடவே பணமில்லை என்று செய்தியில் வருகிறது. பட்ஜெட்டில் மாணவர்களுக்குக் கோடி கோடியாக ஒதுக்கியதாகவும் வருகிறது. எதை நம்பிச் சேர்ப்பது?
(திருத்தணி அருகிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நீங்கள் பார்த்த இரண்டு செய்தியும் உண்மைதான். ஆனால் இரண்டும் வேறு வேறு கணக்கு.

பட்ஜெட் உரை முடிந்த பிறகு சட்டமன்றத்தில் துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் வரும். பணம் உண்மையில் பிரிவது அங்கேதான். உயர்கல்வித் துறையின் கோரிக்கை எண் 20. பல்கலைக்கழகங்களுக்கான மானியமும் அரசுக் கல்லூரி ஆசிரியர் சம்பளமும் அதில் வரும். புதுமைப் பெண் திட்டத்தில் உங்கள் மகளுக்கு வரவேண்டிய மாதம் 1000 ரூபாய் அதில் இல்லை. அது சமூக நலத் துறையின் கோரிக்கை, எண் 45. ஆதிதிராவிடர், பழங்குடியினர் கல்வி உதவித்தொகை எண் 4இலும், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கானது எண் 9இலும் இருக்கின்றன. பல்கலைக்கழகக் கஜானா காலியானாலும் இந்த உதவிகள் நிற்காது. அதேபோல, உதவித்தொகைக்கு எத்தனை கோடி ஒதுக்கினாலும் பல்கலைக்கழகப் பேராசிரியருக்குச் சம்பளம் வந்துவிடாது.

பல்கலைக்கழகத்துக்கு ஏன் இந்த நிலை? சென்னைப் பல்கலைக்கழகத்தின் செலவில் பெரும்பகுதி சம்பளமும் ஓய்வூதியமும்தான். இரண்டும் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன. தேர்வுக் கட்டணம், கல்லூரிகள் கட்டும் இணைப்புக் கட்டணம், தொலைதூரக் கல்வி, மாநில அரசு மொத்தமாகத் தரும் மானியமான பிளாக் கிராண்ட் ஆகியவைதான் வரவு. தொலைதூரக் கல்விக்கு இப்போது பழைய கூட்டம் இல்லை. பிளாக் கிராண்டிலோ தணிக்கை ஆட்சேபம் என்று சொல்லிப் பிடித்தம் வேறு. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு கொடுத்தால்தான் 'அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனம்' என்ற வகையில் வருமான வரி விலக்கு கிடைக்கும். அரசின் பங்கு பாதிக்குக் கீழே போய்விட்டது என்று சொல்லி வருமான வரித் துறை சுமார் 424 கோடி ரூபாய் கேட்டது. 2024 பிப்ரவரியில் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. மானியத்தைக் குறைத்தால் மிச்சம் என்று கோட்டையில் போட்ட கணக்கு கடைசியில் வரி நோட்டீஸாக வந்து நின்றது. எனக்குத் தெரிந்து இதைவிடச் செலவு பிடித்த சிக்கனம் இல்லை. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்திலும் சம்பளம் தள்ளிப்போய் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

சரி, இது உங்கள் மகளை எப்படித் தொடும்? திருத்தணிக் கல்லூரி அரசுக் கல்லூரி. அங்கே நிரந்தர ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது அரசு, பல்கலைக்கழகம் அல்ல. வகுப்பு நடப்பதில் சிக்கல் வராது. அரசுக் கல்லூரியின் ஆண்டுக் கட்டணமும் சில ஆயிரம் ரூபாய்தான். பல்கலைக்கழகத்தின் கை படும் இடங்கள் தேர்வு, மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ். பணமுடை வந்தால் முதலில் ஏறுவது தேர்வுக் கட்டணம். 2023 நவம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் ஒரு தாளுக்கு 150 ரூபாயாக இருந்ததை 225 ஆக்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சர் தலையிட்டு அந்தப் பருவத்துக்கு நிறுத்தி வைத்தார். இப்படிச் சில நூறு ரூபாய் ஏறி இறங்கலாம், அதற்குத் தயாராக இருங்கள். அப்புறம், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி 2023 ஆகஸ்டில் காலியானது. ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான இழுபறியில் அடுத்த நியமனம் நடக்காமலே கிடந்தது. இதுபோன்ற காலங்களில் பட்டமளிப்பு விழா தாமதமாகும். படித்து முடித்ததும் தற்காலிகச் சான்றிதழைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேலைக்கும் மேற்படிப்புக்கும் பெரும்பாலும் அதுவே போதும்.

இனி அந்த 1000 ரூபாய். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தைத்தான் 2022-23 பட்ஜெட்டில் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். புதுமைப் பெண் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். தாலிக்குத் தங்கம் தந்த பணத்தைப் படிப்புக்குத் திருப்பியது, இந்த அரசியலில் நான் பார்த்த நல்ல முடிவுகளில் ஒன்று. 2022 செப்டம்பர் 5 முதல் பணம் போகிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சாதி, வருமான வரம்பு எதுவும் இல்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் பின்னால் விரிவாக்கினார்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அஞ்சல்வழிப் படிப்புக்குக் கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

புதுமைப் பெண் திட்டத்துக்கு 2022-23இல் 698 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2024-25இல் ஒதுக்கியது 370 கோடி. "பாதியாக வெட்டிவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் முதல் ஆண்டில் 6 லட்சம் மாணவிகள் வருவார்கள் என்று மதிப்பிட்டிருந்தார்கள். தலைக்கு ஆண்டுக்கு 12,000 என்றால் சுமார் 720 கோடி; 698 கோடி எப்படி வந்தது என்று புரியும். உண்மையில் பயனடைந்தவர்கள் சுமார் 2.73 லட்சம் பேர். அவர்களுக்கு 330 கோடி அளவில் போதும். ஆக, யாருடைய ஆயிரமும் குறையவில்லை, மதிப்பீடுதான் கீழே இறங்கியது. பட்ஜெட் ஆவணத்தில் ஒரே திட்டத்துக்கு முக்கியமாக மூன்று எண்களைப் பார்க்கலாம்: போன ஆண்டில் உண்மையில் செலவானது, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரப்போகும் ஆண்டின் ஒதுக்கீடு. டிவியில் மின்னுவது மூன்றாவது. நம்பவேண்டியது முதலாவது.

அறிவிப்புக்கும் பணத்துக்கும் நடுவே இன்னொரு கட்டம் உண்டு, அரசாணை. ஜி.ஓ. வராதவரை எந்தக் கல்லூரியும் எந்தத் தாசில்தாரும் ஒன்றும் செய்ய முடியாது. யாருக்குப் பொருந்தும், எந்த ஆண்டில் சேர்ந்தவருக்கு, எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். தேர்தல் ஆண்டில் இது இன்னும் இழுக்கும். 2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட், ஆட்சி மாறி ஆகஸ்டில்தான் திருத்திய பட்ஜெட். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திட்டங்களுக்கு இந்த இடைப்பட்ட காலத்திலும் பணம் தொடரும். புதிய அறிவிப்பை மட்டும் நம்பி ஜூன் மாதக் கட்டணத்துக்குக் கணக்குப் போடாதீர்கள்.

இன்ஜினியரிங் பக்கம் உங்களுக்கு இதைவிடப் பெரிய சலுகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. முதலில் 2020இல் மருத்துவத்துக்கு வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாமே அரசுடையது. ஆயிரம் ரூபாய் தனி.

இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. கட்டணத்தை அரசு ஏற்பது 7.5 சதவீத இடத்துக்கு மட்டும்தான். அதே பெண் பொதுப் பிரிவில் கொஞ்சம் பெயர் பெற்ற தனியார் கல்லூரியைப் பார்த்து எடுத்துவிட்டால் அந்த முழு விலக்கு பொருந்தாது. அப்போது முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகைதான் மிஞ்சும். அது 2010 முதல் இருக்கிறது, கவுன்சலிங் மூலம் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் தள்ளுபடி. விடுதி, பஸ், மற்ற கட்டணங்களை அது தொடாது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையவே கிடையாது. எனவே ஆப்ஷன் பதியும்போது மகள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஒதுக்கீட்டில் கிடைத்த இடம் என்று பார்த்துவிட்டு உறுதி செய்யுங்கள்.

இந்தச் சலுகைகளில் அரசு பணத்தைக் கல்லூரிக்குத் தருகிறது. அது தாமதமாகும்போது சில தனியார் கல்லூரிகள் "நீங்கள் முதலில் கட்டுங்கள், வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்பார்கள். கட்டவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. வேறு வழியின்றிக் கட்டினால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் எந்தச் சமூகம் என்று எழுதவில்லை. ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் என்றால், குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகை உண்டு. ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று 2020 டிசம்பரில் பங்கு பிரித்தார்கள். இரண்டு பங்கும் ஒரே நாளில் வராது. மத்திய அரசின் பங்கு மாணவியின் வங்கிக் கணக்குக்கே நேராக வரும், அதை எடுத்துக் கல்லூரியில் கட்ட வேண்டும். வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டுப் பிறகு திணறும் குடும்பங்கள் நிறைய. சேரும்போதே கையில் பணம் இல்லையென்றால் கட்டணத்தை முன்கூட்டிக் கட்டாமலே சேர ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாடு இருக்கிறது, கல்லூரியில் கேளுங்கள். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான உதவிகளுக்குக் கல்லூரி அலுவலகத்திலேயே விண்ணப்பம் உண்டு.

வங்கிக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், பணம் நின்றுபோவது பெரும்பாலும் பட்ஜெட்டால் அல்ல, இதனால்தான். கணக்கு மகள் பெயரில் இருக்க வேண்டும். பேங்கில் ஆதார் நகல் கொடுத்திருக்கிறோமே என்று இருந்துவிடாதீர்கள். அரசுப் பணம் வர, ஆதார் எண் அந்தக் கணக்கோடு என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணம் அனுப்புவதை நடத்தும் தேசிய அமைப்பு) பதிவில் சீடிங், அதாவது இணைப்பு, ஆகியிருக்க வேண்டும். அது தனி வேலை, கிளையில் தனியாகக் கேட்டுச் செய்யவேண்டும். பள்ளிக்கூடத்தில் தொடங்கிய பழைய கணக்கு முடங்கிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். ஆதார், மதிப்பெண் பட்டியல், பாஸ்புக் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கட்டும். பள்ளியில் எமிஸ் எண், கல்லூரியில் யூமிஸ் எண். இரண்டும் சரியாகப் பொருந்தினால்தான் அரசுப் பள்ளியில் படித்தது தானாகவே தெரியும். இடையில் ஓர் ஆண்டு தனியார் பள்ளி என்று தவறாகப் பதிவாகியிருந்தால், மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன்பே தலைமை ஆசிரியரிடம் சொல்லித் திருத்துங்கள். வருமானம், சாதி, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் இப்போதே போட்டுவிடுங்கள். சேர்க்கை நேரத்தில் தாலுகா ஆபீஸில் கூட்டம் நெரியும்.

பணத்தை மட்டும் பார்த்தால், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரி கிடைத்தால் இன்ஜினியரிங் உங்களுக்குச் செலவில்லாத படிப்பு. கிடைக்காமல், பொதுப் பிரிவில் சுமாரான தனியார் கல்லூரிதான் என்றால் திருத்தணியில் கணிதமே மேல். இரண்டுக்குமே விண்ணப்பித்து வையுங்கள். சேர்ந்த பிறகு ஆயிரம் ரூபாய் வரவில்லை என்றால் கல்லூரியில் இந்தத் திட்டத்துக்கென்று இருக்கும் பொறுப்பு ஆசிரியரை முதலில் பாருங்கள், அங்கே முடியாவிட்டால் மாவட்ட சமூக நல அலுவலகம். அதற்கும் அசையவில்லை என்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100க்குப் போன் செய்து மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.