பழைய எண்ணெய் டின்னில் வைத்த செடி ஏன் கருகுகிறது?

மதுரை மொட்டைமாடியில் 15 கிலோ எண்ணெய் டின்னில் வைத்த செடி சித்திரையில் கருகியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தண்ணீர்க் குறை அல்ல. வெயிலில் தகரம் காய்ந்து, அதை ஒட்டிய வேர் வெந்துவிடுகிறது. டின்னை வெறும் உறையாக வையுங்கள். உள்ளே 7 அங்குல மண்தொட்டியை இறக்கி, சுற்றிலும் தேங்காய் நாரைத் திணியுங்கள்.

அடியில் ஐந்தாறு துளைகள் போடும்போது ஆணியை உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். மாற்றி அடித்தால் விளிம்பு உள்ளே எழும்பி நீர் தேங்கும், அடித்தகரம் சீக்கிரம் ஓட்டையாகும். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, காயவிட்டு, உள்பக்கம் மட்டும் ரெட் ஆக்சைடு என்ற துருத்தடுப்புப் பெயின்ட் இரண்டு கோட். வெளிப்புறத் துருவைத் தொடாதீர்கள், அந்த அழகுக்குத்தானே பழைய டின்! வெட்டிய விளிம்பை மட்டும் மடக்கித் தட்டுங்கள், கையைக் கிழிக்கும். இரண்டு செங்கல் மேல் நிறுத்துங்கள்.